ஆகாயத்தில் ஓர் உத்தியோகம்

சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து நமது பழைய நண்பர் ஒருவர் குடும்பத்துடன் வந்திருந்தார். காபி குடித்து முடித்ததும், பையிலிருந்து வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட ஒரு விளம்பரப் புத்தகத்தை எடுத்து நம் முன்னே வைத்தார். அதன் அட்டையில் ஒரு யுவதி, பின்னால் ஓர் ஆகாய விமானம், இரண்டுக்கும் மேலே "ஆறே மாதத்தில் ஆகாயம் உங்கள் வசம்" என்ற வாசகம். பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல முறையில் தேறியிருக்கிறாள். விமானப் பணிப்பெண் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. விளம்பரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கண்ட கட்டணமோ லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதற்காகப் பாட்டியின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைப்பது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

சங்கிலிக்கு உரியவர் மட்டும் அந்த முடிவுக்கு உடன்படவில்லை. "பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் படிக்க வைத்தது, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தட்டு ஏந்துவதற்கா?" என்றார் பாட்டி.

"அதில்லை, அம்மா. மாதம் பிறந்தால் கை நிறையச் சம்பளம், ஊர் ஊராகப் பார்க்கலாம். வேலை நிச்சயம் என்று அவர்களே சொல்லுகிறார்கள்" என்றார் நண்பர்.

பெண் ஒன்றும் பேசாமல் நம்மைப் பார்த்தாள். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள், மாமா?" என்று அவள் கண்கள் கேட்டன.

நமக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகையால் ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஏனெனில் இதே விளம்பரப் புத்தகம் நம் நாட்டில் இன்னும் எத்தனையோ வீடுகளின் கூடத்தில் கிடக்கிறது என்பதில் சந்தேகமில்லை. முடிவை முன்னாலேயே சொல்லிவிடுவதானால், பாட்டி நினைத்ததும் தவறு. நண்பர் நினைத்ததும் தவறு.

முதல் பணிப்பெண் யார்?

இந்த உத்தியோகம் பிறந்த கதையே பாட்டிக்குத் தக்க பதிலாகும். அமெரிக்காவில் எல்லன் சர்ச் என்ற மாது ஒருவர் இருந்தார். அவர் மருத்துவத் தாதி. விமானம் ஓட்டவும் பயின்றவர். விமானியாக வேலை கேட்டுப் போயிங் விமானப் போக்குவரத்துக் கம்பெனிக்குப் போனார். ஸ்திரீக்கு அந்த வேலை தர அந்நாளில் யாரும் தயாராயில்லை. அப்போது அவர் ஒரு யோசனை சொன்னார்: ஆகாயத்தில் பறக்க ஜனங்கள் அஞ்சுகிறார்கள், தாதிகளை விமானத்தில் அமர்த்தினால் அந்த அச்சம் நீங்கும் என்று. 1930-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோ பகுதியிலிருந்து சிகாகோ சென்ற விமானத்தில் அவர் முதல் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவரோடு சேர்த்து முதலில் எடுக்கப்பட்ட எட்டுப் பேரும் பயிற்சி பெற்ற தாதிகளே. ஆகவே, இந்த உத்தியோகத்தின் மூலம் உணவுத் தட்டு அன்று; நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த கை.

நமது தேசத்தில் டாட்டாவின் ஆகாயப் போக்குவரத்தோ அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தொடங்கியது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சிறு 'பஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் அந்தத் தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். தபால் மூட்டைக்குப் பணிப்பெண் தேவையில்லை! ஆனால் 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி, சுதந்திர இந்தியாவின் விமானம் 'மலபார் பிரின்ஸஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டபோது நிலைமை மாறிவிட்டது. அன்னிய தேசத்தான் ஒருவன் நமது நாட்டைப் பற்றி முதல் அபிப்பிராயம் கொள்வது இனி நமது துறைமுகத்தில் அல்ல, நமது விமானத்தின் வாசற்படியில் என்றாகிவிட்டது. அந்த ஸ்தாபனம் 1953-இல் தேசவுடைமையாகி, 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் மறுபடியும் டாட்டா குடும்பத்து நிறுவனத்தின் கைக்கே திரும்பியது நேயர்கள் அறிந்ததே.

தொண்ணூறு விநாடி

இனிப் பயிற்சிக்கு வருவோம். விமானத்தில் பணியாட்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை, எத்தனை பேருக்குச் சாப்பாடு பரிமாற வேண்டும் என்று பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. ஐம்பது ஆசனங்களுக்கு ஒருவர் என்பது நமது தேசத்துச் சட்டம். 186 ஆசனங்கள் உள்ள விமானமானால் நான்கு பேர் இருந்தே ஆக வேண்டும். சாப்பாடே தராத விமானத்துக்கும் இதுவே விதி. இதிலிருந்து, அவர்கள் எதற்காக அங்கே இருக்கிறார்கள் என்பது விளங்கவில்லையா?

ஒரு புதிய ரகப் பெரிய பிரயாணி விமானம் பறக்க அனுமதி பெறுவதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. ஆசனங்கள் நிறைய ஆட்களை உட்கார வைத்து, இருட்டாக்கி, வாசல்களில் பாதியை அடைத்துவிட்டு, 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியேறிக் காட்ட வேண்டும். ஆனால் உண்மையான விபத்தில் பயந்து நிற்கும் கூட்டத்தை அந்த வேகத்தில் வெளியே அனுப்புவது யார்? பணிப்பெண்ணும் பணியாளனுமே.

அதனால்தான் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களின் பயிற்சியில் முதலிடம் பெறுவது ஒப்பனையன்று. விமானத்தின் கனத்த கதவைப் பூட்டவும் திறக்கவும் கற்கிறார்கள். கதவைத் திறப்பதற்கு முன் வெளியே நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பழகுகிறார்கள். காற்று நிரம்பிய சறுக்குப் பாதையில் குதிக்கிறார்கள். புகை சூழ்ந்த அறைக்குள் தவழ்ந்து சென்று தீயை அணைக்கிறார்கள். நீச்சல் குளத்தில் இறங்கி மிதவைப் படகில் ஏறவும், பிறரை ஏற்றவும் பயில்கிறார்கள். நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி இயக்குவது, தொண்டையில் அடைத்ததை வெளியேற்றுவது, நடு வானில் பிரசவ வேதனை கண்டால் செய்ய வேண்டியவை ஆகியவையும் பாடங்களே. கைபேசியின் மின்கலம் தீப்பற்றினால் அணைத்த பின்பும் அது மீண்டும் பற்றும். ஆகையால் நீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும் என்பது இந்தக் காலத்துப் புதுப் பாடம். இவ்வளவும் கற்றுப் பரீட்சையில் தேறினாலன்றி விமானத்தில் பணி செய்ய முடியாது. தேறிய பிறகும் ஆண்டுதோறும் மறு பயிற்சி உண்டு. வேறு ரக விமானத்துக்கு மாறினால் அதற்கெனத் தனிப் பயிற்சி.

நாம் விமானத்தில் ஏறியவுடன் அவர்கள் செய்து காட்டும் சைகைகளைக் கண்டு எத்தனை பேர் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக் கொள்கிறோம்! அந்தச் சைகை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மிதவைச் சட்டையை விமானத்துக்குள்ளேயே ஊதாதீர்கள் என்கிறார்கள். 1996-ஆம் ஆண்டு நவம்பரில் எத்தியோப்பிய விமானம் ஒன்று கொமொரோஸ் தீவருகே கடலில் விழுந்தபோது, உள்ளேயே ஊதிக்கொண்ட பலர், நீர் ஏற ஏறக் கூரையோடு ஒட்டி மிதந்து, வெளியேற வழியின்றி மாண்டனர். உங்கள் முகமூடியை முதலில் அணிந்துகொண்டு பிறகு குழந்தைக்கு அணிவியுங்கள் என்கிறார்கள். பெற்ற மனம் இதை ஏற்காதுதான். ஆனால் 40,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் போய்விட்டால், புத்தி தெளிவாக வேலை செய்வது 15 அல்லது 20 விநாடியே. தாய் மயங்கிவிட்டால் குழந்தையை யார் காப்பது?

விமானம் இறங்கும் சமயத்தில் பணிப்பெண் தன் சிறிய ஆசனத்தில் கைகளை அடக்கி அசையாமல் உட்கார்ந்திருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். அவள் ஓய்வெடுப்பதாக நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் அந்த அரை நிமிஷத்தில் அவள் தனக்குள் ஒரு பாடத்தை ஒப்பித்துக் கொண்டிருக்கிறாள்: எந்தக் கதவு என்னுடையது? அதை எப்படித் திறப்பது? வயோதிகர் எங்கே, குழந்தை எங்கே? என்னுடன் கை கொடுக்கக்கூடிய திடகாத்திரமான பிரயாணி யார்? ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த ஜபம் நடக்கிறது. இரவில் உள் விளக்குகளைக் குறைப்பதும் இதனால்தான். இருளில் வெளியேற நேர்ந்தால் கண்கள் முன்பே பழகியிருக்க வேண்டும்.

இரண்டு சான்றுகள்

இந்தப் பயிற்சிக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள்.

2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி, ஜப்பானில் டோக்கியோ நகரத்து ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பெரிய விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் விமானத்தின்மீது மோதித் தீப்பற்றியது. காவல் விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் உயிர் துறந்தனர். பிரயாணி விமானத்தில் இருந்தவர்கள் 379 பேர். ஒலிபெருக்கியும் உட்பேசியும் வேலை செய்யவில்லை. எட்டு வாசல்களில் மூன்றுதான் உபயோகத்துக்கு ஏற்றவையாயிருந்தன. பணியாளர்கள் கையில் பிடிக்கும் ஒலிக்குழாயாலும் தங்கள் குரலாலும் கூட்டத்தை நடத்தினார்கள். பின்புறத்துக் கதவருகே இருந்தவர், விமானியின் உத்தரவை எதிர்பார்க்க வழியில்லாத நிலையில், பயிற்சியில் கற்றபடி தாமே நிதானித்துக் கதவைத் திறந்தார். பிரயாணிகளும் சொன்ன சொல் கேட்டு மூட்டைகளை விட்டு இறங்கினார்கள். 379 பேரும் பிழைத்தனர். விமானம் எரிந்து கரியாயிற்று.

மற்றொன்று நம் நாட்டுப் பெண்ணின் வரலாறு. 1986-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, பம்பாயிலிருந்து புறப்பட்ட பான் அமெரிக்கன் விமானம் ஒன்று கராச்சியில் நின்றபோது ஆயுதபாணிகள் ஏறிக் கைப்பற்றினர். பணியாளர்களின் தலைவியாக இருந்த நீர்ஜா பனோட் என்ற யுவதி உடனே விமானிகளுக்கு எச்சரிக்கை செய்தார். அவர்கள் தப்பிவிட்டதால் விமானத்தைப் பறக்கச் செய்ய முடியாமற் போயிற்று. அமெரிக்கப் பிரயாணிகளைத் தேடிய கொலைஞரிடமிருந்து அவர்களைக் காக்க, கடவுச் சீட்டுக்களை மறைத்து வைக்கச் செய்தார். சுமார் 17 மணி நேரம் கழித்துத் துப்பாக்கிப் பிரயோகம் தொடங்கியபோது, அவசர வாசலைத் திறந்து பிரயாணிகளை வெளியே அனுப்பினார். தாம் முதலில் குதித்திருக்கலாம், குதிக்கவில்லை. குழந்தைகளைக் காக்க முற்பட்டுக் குண்டுக்கு இரையானார். அவருக்கு 23 வயது நிறைய இரண்டு நாட்கள் இருந்தன. அசோக சக்கரம் பெற்ற முதல் பெண்மணி அவரே.

தட்டு ஏந்தும் வேலை என்று இனியும் சொல்ல நமக்கு நா எழுமா?

உரிமை வந்த வழி

ஆனால் இந்தப் பெண்களை ஸ்தாபனங்கள் எப்போதும் மரியாதையாக நடத்தியதாகச் சொல்வதற்கில்லை. ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில், 35 வயது நிரம்பினால் வேலை போகும். சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் விவாகம் செய்துகொண்டால் போகும். முதன்முறை கர்ப்பமானாலும் போகும் என்ற விதி இருந்தது. நர்கேஷ் மீர்ஸா முதலான பணிப்பெண்கள் இதை எதிர்த்து வழக்காடினார்கள். 1981-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட், கர்ப்பமானதற்காக வேலையிலிருந்து நீக்குவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. விவாகம் பற்றிய விதியை அன்று கோர்ட் தள்ளிவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று இந்த உத்தியோகத்தில் சேரும் பெண் அனுபவிக்கும் உரிமை, முன்னே சென்றவர்கள் கோர்ட்டுப் படி ஏறிச் சம்பாதித்தது.

விளம்பரப் புத்தகம் சொல்லாதது

இப்போது நண்பரின் விளம்பரப் புத்தகத்தைத் திறப்போம். நடை, உடை, ஒப்பனை, இங்கிலீஷ் பேச்சு, நேர்முகத் தேர்வுக்கு வேண்டிய பழக்கம் ஆகியவற்றை இத்தகைய பள்ளிகள் கற்றுக்கொடுக்கின்றன. கூச்சமுள்ள பெண்ணுக்கு இவை உதவலாம்; இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விமானத்தில் பணி புரியும் தகுதியைத் தருவது அந்தப் பட்டயம் அன்று. விமானக் கம்பெனி ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஒப்புக்கொண்ட முறைப்படி, தன் விமானங்களுக்கு ஏற்ப அளிக்கும் பயிற்சியே அந்தத் தகுதியைத் தருகிறது. பட்டயம் இருப்பவருக்கும் அந்தப் பயிற்சி உண்டு, இல்லாதவருக்கும் உண்டு. கம்பெனிகள் தங்கள் தேர்வுக்குப் பொதுவாகக் கேட்பது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, குறிப்பிட்ட உயரம், நல்ல கண் பார்வை, தேக ஆரோக்கியம், இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் பேசும் திறமை ஆகியவையே. பட்டயத்தைக் கேட்பது அபூர்வம்.

ஆகையால் பணம் கட்டுமுன் பெற்றோர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். வேலை நிச்சயம் என்ற வாக்கை எழுத்தில் தருவீர்களா? சென்ற ஆண்டு படித்தவர்களில் எத்தனை பேர் விமானத்தில் ஏறினார்கள், எத்தனை பேர் கடைகளிலும் ஹோட்டல்களிலும் அமர்ந்தார்கள்? நடுவில் நின்றால் பணம் திரும்புமா? உயரமும் தேகநிலையும் கம்பெனி விதிக்குப் பொருந்துகின்றனவா என்று பணம் வாங்குமுன் சொல்வீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்.

உத்தியோகத்தின் மறு பக்கத்தையும் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதி பறந்த நேரத்தைப் பொறுத்தது. பறக்காத மாதத்தில் பை இளைக்கும். தீபாவளிக்கு வீட்டில் இருப்பது நிச்சயமில்லை. இரவும் பகலும் மாறுவதால் தூக்கம் கெடும். சேரும்போது இத்தனை காலம் விலகமாட்டேன் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்கும் இடங்களும் உண்டு. படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கம்பெனியே நின்றுவிடுவதும் உண்டு. கிங்பிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும், கோ பர்ஸ்ட் 2023-இலும் பறப்பதை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான ஊழியர்கள் சம்பள பாக்கியோடு தெருவில் நின்றார்கள். ஆகவே, பறந்துகொண்டே ஒரு பட்டப் படிப்பையும் தபால் மூலமாவது முடித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தரையிலும் வழி உண்டு

பிரயாணத் தொழில் ஆகாயத்தோடு முடிந்துவிடவில்லை. பிரயாணச் சீட்டு, விஸா, தங்குமிடம் ஆகியவற்றை ஏற்பாடு செய்யும் அலுவலகங்கள் நாடெங்கும் இருக்கின்றன. அங்கே சேர விரும்புவோருக்கு, 1945-இல் தோன்றி மான்ட்ரீல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் பரீட்சைகள் உதவும். உலகெங்கும் அவற்றுக்கு மதிப்புண்டு. மத்திய சர்க்காரின் சுற்றுலாக் கல்வி ஸ்தாபனம் குவாலியரில் இருக்கிறது. நெல்லூரில் அதன் கிளை உண்டு. ஹோட்டல் நிர்வாகம் கற்கச் சென்னைத் தரமணியில் சர்க்கார் கல்லூரி இருக்கிறது. ஆதி திராவிட, பழங்குடிக் குடும்பத்து இளைஞர்களுக்கு விமானப் பணி முதலிய பயிற்சிகளுக்குத் தமிழக அரசின் தாட்கோ உதவி செய்து வந்திருக்கிறது. தனியார் பள்ளியின் வாசலை மிதிக்குமுன் இந்த வாசல்களைத் தட்டிப் பார்ப்பது நலம்.

வழிகாட்டியின் வேலையும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதற்கும் பயிற்சி தேவை என்பதற்கு நண்பரின் ஜில்லாவிலேயே உதாரணம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எத்தனை வழிகாட்டிகள் எத்தனை யாத்திரிகர்களுக்குச் சொல்லியிருப்பார்கள்! வெயிலில் ஐந்து நிமிஷம் நின்றால் நிழல் தரையில் விழுவதைக் கண்ணாலேயே காணலாம். ராஜராஜ சோழன் கட்டி 1010-ஆம் ஆண்டில் முடித்த அந்தக் கோயிலின் சுவர்களில், கோயிலுக்குக் கொடுத்தவர் பெயர்களும், அங்கே ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்களுங்கூடப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்த மெய்யான அதிசயத்தை விட்டுவிட்டுப் பொய் அதிசயத்தைச் சொல்லி அனுப்பினால், வந்தவன் நம்மைப் பற்றி என்ன நினைத்துப் போவான்? ஆகாயத்திலானாலும் தரையிலானாலும், நம்மை நம்பி வந்த அன்னியனுக்கு நாம் பொறுப்பு என்பதே இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம்.

ஒரு வாரம் கழித்து நண்பர் குடும்பத்துடன் மறுபடியும் வந்தார். மேலே எழுதியதை எல்லாம் அவர்களிடம் சொன்னோம். நண்பர் விளம்பரப் புத்தகத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கல்லூரியில் பட்டப் படிப்பில் சேருவது, ஹிந்தி கற்பது, வயதும் உயரமும் பொருந்தும் கம்பெனிகளின் தேர்வுக்கு நேராக விண்ணப்பம் போடுவது என்று தீர்மானமாயிற்று. சங்கிலி பிழைத்தது.

பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "எனக்கு நீந்தத் தெரியாதே, மாமா. எங்கே கற்றுக்கொள்ளலாம்?" என்று கேட்டாள்.

நாம் பதில் சொல்லுமுன் பாட்டி முந்திக்கொண்டார். "அதற்கும் விளம்பரப் புத்தகம் பார்க்க வேண்டுமா? நான் காவிரியில் அக்கரை தொட்டுத் திரும்பினவள். சித்திரையில் ஊருக்கு வா, குளத்தில் இறக்கி விடுகிறேன்" என்றார்.